ஜெபம் முடியிற வரைக்கும்

இல்ல தம்பி, இப்ப உள்ள விட முடியாது. ஜெபம் நடக்குது பாருங்க. ஜெபத்துக்கு நடுவுல யாரும் நடமாடக் கூடாது, இங்க அதான் சட்டம். எங்க அத்தை இந்தக் கதவுல நின்ன காலத்துலேர்ந்தே இப்படித்தான். பாஸ்டரே லேட்டா வந்தாலும் இங்கதான் நிக்கணும். ஒரு தடவ நின்னாரு, ரெண்டு கால்ல ரெண்டு கலர் சாக்ஸ் போட்டுக்கிட்டு. நான் சிரிக்கவே இல்ல. வாசல் ஊழியக்காரி எதுக்கும் சிரிக்கக் கூடாது, அதுவும் சட்டம்தான்.

தொப்பியக் குடுங்க, மாட்டி வைக்கிறேன். ஆம்பளைங்க தொப்பி வெளிய, பொம்பளைங்க தொப்பி உள்ள. நல்ல தொப்பி. மழையில கொஞ்சம் நனைஞ்சிருக்கு, நான் துடைச்சு வைக்கிறேன். கோட்டு வேணாமா? சரி, சரி, போட்டுக்கங்க. கைய வெளிய எடுக்கலியா? சும்மா கேட்டேன் தம்பி. குளிரா இருக்கும்போல.

தெரியாம என்ன? நல்லாத் தெரியும். ஆர்னெட்டாக்கா மகன் லெமுவேல். உங்களுக்கு ஞாபகமிருக்கா என்னமோ, சண்டே ஸ்கூல்ல உங்களுக்கு நோவா பேழை வரையக் கத்துக் குடுத்ததே நான்தான். நீங்க பேழைக்கு மேல ஒரு லாரி வரைஞ்சீங்க. அப்பல்லாம் உங்கள நீ-ன்னுதான் கூப்பிடுவேன். இன்னிக்கு என்னமோ வாய் தானா நீங்க-ன்னு வருது. பயந்தா மரியாதையும் கூடவே வந்துடுது, என்ன பண்றது.

ஆமா, பயமாத்தான் இருக்கு. எதுக்கு மறைக்கணும்? உங்க வண்டி வந்து அப்படிக் குறுக்கால நின்னப்பவே இந்தக் கதவ இழுத்துச் சாத்திட்டேன். மத்த வண்டிக்கெல்லாம் வெளிய போக வழியில்லாம நிறுத்தியிருக்கீங்க, அது தெரியுதுல்ல? தெரிஞ்சுதான் நிறுத்துனீங்களா. சரி.

பாஸ்டர் பிக்கெட் வரச் சொன்னாரு, அதுவும் தெரியும். பாஸ்டர் பொஞ்சாதி வியாழக்கிழமை சமையலறையில கீரைக்கு உப்புப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. மாசத்து முதல் ஞாயிறு, அதாவது இன்னிக்கு, திருவிருந்துக்கு முன்னாடி, உங்க ரெண்டு பேரையும் முன்னால கூப்பிடப் போறாரு. வீட்ட விட்டுப் போன உங்க பொஞ்சாதி வெர்லீன் கையப் புடிச்சு உங்க கையில வைக்கப் போறாரு. சபையே அல்லேலூயா போடும். அப்புறம் அவ உங்க வண்டியில ஏறி வீட்டுக்கு வரணும். அவ வந்தாத்தான் பசங்களப் பாக்க விடுவேன்னு சொல்லியிருக்கீங்க. அதானே ஏற்பாடு?

எனக்கு அதுல அபிப்பிராயம் சொல்ல உரிமையில்ல தம்பி. நாங்க பொம்பளைங்க. அந்த மேடைமேல கால் வைக்கக் கூடாது. சாட்சி சொல்றதா இருந்தாலும் கீழ நின்னுதான் சொல்லணும். மேடையத் துடைக்கப் போறப்ப மட்டும் ஏறலாம், அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. வெர்லீன் பாஸ்டர்கிட்டப் போய் அழுதப்ப அவர் என்ன சொன்னார்னு தெரியுமா? வீட்டுக்குப் போம்மா, ஜெபம் பண்ணு, கர்த்தர் அவன் மனச மாத்துவார்னாரு. அப்ப அவ கண்ணு ஒண்ணு திறக்கவே இல்ல. மிச்ச ஒரு கண்ணால ஜெபம் பண்ணச் சொன்னாரு.

ஐயோ, கோவப்படாதீங்க. நான் ஒரு வாயாடி. பயம் வந்தா என் வாய் நிக்காது, எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். இந்தாங்க, புதினா மிட்டாய். வேணாமா? எனக்கு நாக்கு ஒட்டிக்குது, நான் ஒண்ணு போட்டுக்கறேன்.

இன்னும் முடியலையேன்னு கேக்குறீங்களா? டீக்கன் ஹோரஸ் ஜெபம் பண்றாரு தம்பி, அவரப் பத்தித் தெரியாதா. ஆதாம்ல ஆரம்பிச்சாரு, இன்னும் மோசே பொறக்கலை. முடிக்கத்தான் போறாரு, கேளுங்க, குரல் இறங்குது பாருங்க... ம்ஹூம். பாத்தீங்களா, அந்தப் பக்கம் பொம்பளைங்க ஆமென்னு ஏத்தி விட்டுட்டாங்க. இன்னும் சொல்லுங்க ஐயா, இன்னும் சொல்லுங்கன்னு. ஆமென்னு ஒருத்தர் சொல்லிட்டா அந்த மனுஷனால நிறுத்த முடியாது. பாவம், வீட்டுல அவருக்கு யாரும் ஆமென் சொல்றதில்ல.

தள்ளாதீங்க தம்பி. தயவுசெஞ்சு கதவத் தள்ளாதீங்க. அங்க தாய்மார்லாம் கண்ணை மூடி உக்காந்திருக்காங்க, முன்வரிசையில கைக்குழந்தைங்க இருக்கு. நீங்க உள்ள ஓடுனா ஒரு சத்தம் கேக்கும், எல்லாரும் எழும்புவாங்க, அப்புறம் என்ன நடக்கும்னு எனக்கு நினைச்சுப் பாக்கவே முடியல.

கண்ணாடி வழியாப் பாருங்களேன். அதுக்குத்தானே நீளக் கண்ணாடி வச்சிருக்கு. காலையிலதான் துடைச்சேன், நல்லாத் தெரியும். ஆமா... நாலாவது வரிசை, நடுவழிக்குப் பக்கத்துல. ஊதாத் தொப்பி, ஓரத்துல வெள்ளை இறகு. நீங்க வாங்கிக் குடுத்ததுதான். கண்ணுல பட்டுடுச்சா. பட்டதும் உங்க தோள் கொஞ்சம் இறங்குச்சு பாருங்க, எனக்கும் மூச்சு வந்துச்சு. அங்கயே பாத்துக்கிட்டு நில்லுங்க. உள்ள யாரும் எழுந்து ஓடல.

அழகான தொப்பி, அதுல சந்தேகமே இல்ல. டவுன்ல அந்தப் பெரிய கடையிலேர்ந்துன்னு நினைக்கிறேன். நீங்க வாங்கித் தர்ற தொப்பி எல்லாமே விலை கூடினதுதான். முதல்ல ஒரு வைக்கோல் தொப்பி வாங்கித் தந்தீங்க, உதடு கிழிஞ்ச வாரம். அப்புறம் நீலம் வந்துச்சு, அப்ப அவ கையக் கட்டுப் போட்டுக் கழுத்துல தொங்கவிட்டிருந்தா. ஈஸ்டர் சமயத்துல இந்த ஊதா. நாங்க பொம்பளைங்க தொப்பியப் பாத்தே எண்ணிக்குவோம் தம்பி. புதுத் தொப்பியோட ஒருத்தி உள்ள வந்தா, ஐயோ எவ்ளோ அழகுன்னு கட்டிப் புடிப்போம், கட்டிப் புடிக்கும்போதே எங்க வலிக்குதுன்னு பாத்துக்குவோம். ஆம்பளைங்க யாருக்கும் இது தெரியாது. எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப எனக்கும் தொப்பிக்குப் பஞ்சமில்ல. வலை தொங்குற தொப்பி, கண்ண மறைக்கிற மாதிரி. உங்கம்மாவும் நானும் ஒரே கடையிலதான் வாங்குவோம்.

ஏன், உங்கப்பா ரொம்ப நல்லவரா? இருக்கட்டும், செத்தவரைப் பத்தி வேணாம்.

உங்கம்மாவா? வெள்ளை வரிசையில காணோமா? ஆமா, முதல் ஞாயிறுன்னா தாய்மார் எல்லாரும் வெள்ளை உடுத்திக்கிட்டு அங்கதான் இருக்கணும். ஆர்னெட்டாக்கா இன்னிக்கு அங்க உக்கார மனசில்லன்னாங்க. எத்தனை வருஷமா அந்த வரிசையில மூணாவது நாற்காலி அவங்களோடது. காலியா இருக்கு பாருங்க, கைப்பை ஒண்ணு மட்டும் இருக்கு. எனக்கும் பாக்க ஒரு மாதிரியாத்தான் இருக்கு. வந்தாங்க, வந்தாங்க. பேரப் பசங்களக் கூட்டிக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடியே வந்தாச்சு. டெல்ஃபினுக்கு மஞ்ச ரிப்பன் கட்டிவிட்டிருந்தாங்க, சின்னவன் கால்ல ஷூ மாறிக் கெடந்துச்சு. கீழ சண்டே ஸ்கூலுக்கு அவங்கதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க, வழக்கம்போல.

நான் பொய் சொல்ல மாட்டேன் தம்பி. இந்த வெள்ளை உடுப்பு போட்டு, இந்தக் கையுறை மாட்டுன பிறகு ஒரு பொய் சொல்ல மாட்டேன். வெளிய சொல்லுவேன், இல்லன்னு சொல்லல. போன வாரம்கூட நம்ம சபை ஒடெஸா செஞ்ச கேக்கு நல்லாருக்குன்னேன், கல்லு மாதிரி இருந்துச்சு. இங்க நின்னா மட்டும் சொல்ல வராது. அதான் உங்ககிட்ட யோசிச்சு யோசிச்சுப் பேசறேன்.

அடிக்கடி திரும்பறேனா? முடிஞ்சிடுச்சான்னு பாக்குறேன், வேற என்ன. நீங்க தொப்பியப் பாத்துக்கிட்டே இருங்க, நான் மத்ததப் பாத்துக்கறேன். இல்ல, தலைய நிமித்தல, ஜெபம் நடக்குதுல்ல. ஆமா, அசையாமத்தான் இருக்கு. பயமாயிருக்கும். யாருக்குத்தான் பயமில்ல? அந்த இடத்துல நான் உக்காந்திருந்தா நானும் அசைய மாட்டேன்.

அந்தக் கோட்டுக்குள்ள என்ன இருக்குன்னு நான் கேக்கல. கேக்கணும்னு இருக்கு, கேக்க பயமா இருக்கு. உங்கம்மா காலையில வந்ததும் எங்கிட்ட சொன்னாங்க, அலமாரி மேல்தட்டுல துணிக்கு அடியில உங்கப்பாவோடது இருந்துச்சாம், நேத்து ராத்திரி பாத்தா இல்லையாம். சொல்றப்ப அவங்க உதடு வெளுத்துப் போச்சு. எதுக்கு தம்பி சபைக்கு அது? பாஸ்டர் அவ கைய உங்க கையில வைக்கப் போறாரு. வெர்லீன் வர மாட்டேன்னு சொன்னா? கூட்டத்து நடுவுல வாயத் திறந்து, மாட்டேன்னு சொல்லிட்டா? அப்ப என்ன பண்றதா இருந்தீங்க?

பதில் வேணாம். வேணாம், சொல்லாதீங்க. எனக்கு ராத்திரித் தூக்கம் வேணும்.

இதோ, டீக்கன் மறுபடி இறங்கி வராரு... நம்ம கர்த்தர் மூலமா பிதாவேன்னு வந்துட்டாரு... வந்துட்டாரு... ஆமென்! ஆமென்! மன்னிச்சுக்கங்க, இந்தத் தடவ நானே கத்திட்டேன். பழக்கம். ஐயோ, மறுபடி ஆரம்பிச்சிட்டாரு. செங்கடலுக்குப் போயிட்டாரு. கடலு பிரியணும், எல்லாரும் நடந்து போகணும், பின்னாடி குதிரைங்க வரணும். அது ஒரு பெரிய கதை தம்பி.

கையத் தொடாதீங்க. என் கையத் தொடாதீங்க தம்பி, சொல்றேன்ல. நான் கதவுக்கு முன்னாடி நிக்கிறேன், நகர மாட்டேன். நகர முடியாது. கால் ரெண்டும் தரையில ஒட்டிக்கிச்சு, அதான் உண்மை. என்னைத் தள்ளிட்டுத்தான் போகணும்னா தள்ளுங்க, உங்களுக்கு அது பெரிய வேலை இல்ல. ஆனா நான் விழுந்தா இந்தக் கண்ணாடியும் உடையும், சபையில யாராவது மயங்குனா தூக்குற நர்ஸ் பொம்பளைங்க எல்லாம் ஓடி வருவாங்க, பொம்பளைங்க அத்தனை பேரும் எழுந்து திரும்புவாங்க. நாலாவது வரிசையும் திரும்பும். நீங்க அது திரும்பறதப் பாக்க வேணாம். கொஞ்ச நேரம் தம்பி. கொஞ்சமே கொஞ்ச நேரம்.

நன்றி. அப்படி நில்லுங்க.

இன்னிக்கு அப்புறம் பாஸ்டர் என்னை இந்தக் கதவுல நிக்க விடுவாரோ மாட்டாரோ. விட மாட்டாரு. கையுறையக் கழட்டி வச்சிட்டுப் போன்னுதான் சொல்லுவாரு. அதுவும் ஒரு பயம். நான் புருஷன் செத்த வீட்டுல தனியா இருக்கறவ. வாரம் முழுக்க எனக்கு யாரும் கதவு தட்டறதில்ல. இங்க வந்து நின்னாத்தான் ஆளுங்க என் மூஞ்சியப் பாத்து, சிஸ்டர் லுவீனியா எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. அதையும் இன்னிக்குக் குடுக்கணும்போல இருக்கு. குடுக்க வேண்டியதுதான். எதுக்குன்னா கேக்குறீங்க? இருங்க.

இதோ. பாத்தீங்களா? அந்த ஊதாத் தொப்பிக்கு மேல கைவிசிறி ஒண்ணு போச்சு. பாத்தீங்கள்ல, மேல போய் இறங்குச்சு. மறுபடியும் பாருங்க. ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம் அப்பா. எனக்குத் தலை சுத்துது, இந்தச் சுவத்துல கொஞ்சம் சாஞ்சுக்கறேன்.

டீக்கன் இனி முடிச்சிடுவாரு. யாரும் ஆமென் சொல்ல மாட்டாங்க. கேளுங்க... ஒருத்திகூட வாயத் திறக்கல பாருங்க.

லெம்மி, இனிமே உன்ன நீ-ன்னே கூப்பிடறேன். பயம் போகல, பயம் அப்படியேதான் இருக்கு. ஆனா சொல்ல வேண்டியத நீ-ன்னுதான் சொல்ல வரும். இவ்ளோ நேரமா நீ கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு நின்னியே, அது உங்கம்மா.

என்னைப் பாக்காத, கண்ணாடியப் பாரு. கிட்ட வா. நல்லாப் பாரு. தொப்பிக்குக் கீழ, காதோரமா, நரைமுடி ஒண்ணு வெளிய வந்திருக்கு. அத உள்ள சொருகி சொருகி அலுத்துப் போச்சு எனக்கு. கழுத்துல அந்த மச்சம் தெரியுதா? நீ கைக்குழந்தையா இருந்தப்ப அதப் புடிச்சு இழுத்துக்கிட்டே தூங்குவியாம், அவங்களே சொல்லியிருக்காங்க. உனக்கு நீ வாங்கின தொப்பி தெரிஞ்சுது. அதுக்குக் கீழ இருக்கறது யாருன்னு தெரியல பாரு.

காலையில வெர்லீன் அந்தத் தொப்பியோடதான் உள்ள வந்தா, பாஸ்டர்கூடப் பாத்து சிரிச்சாரு. அப்புறம் கீழ எறங்கிப் போனா. கொஞ்ச நேரத்துல தொப்பி மட்டும் மேல வந்துச்சு. உங்கம்மாதான் கேட்டு வாங்கினாங்க. எங்க திட்டத்துல ஒடெஸாதான் போட்டுக்கறதா இருந்துச்சு. துப்பாக்கியக் காணோம்னு தெரிஞ்சதும் உங்கம்மா, என் மகன் வாங்கின தொப்பி, நான் போட்டுக்கறேன்னுட்டாங்க. அவன் அதக் குறி வச்சு வந்தா எங்கிட்ட வரட்டும்னாங்க. எங்களால ஒண்ணும் சொல்ல முடியல. இப்ப தெரியுதா உன்ன உள்ள விட எனக்கு ஏன் அவ்ளோ பயம்னு?

வெர்லீன் எங்கன்னு கேக்காத. எனக்கே தெரியாது, தெரியக் கூடாதுன்னு நானே கேக்கல. சமையலறைக்குப் பின்னாடி ஒரு வண்டி நின்னுச்சு, நீ அடைச்ச பக்கம் இல்ல, மத்தப் பக்கம். பசங்களும் போயாச்சு. மஞ்ச ரிப்பன் ஒண்ணு படியில விழுந்து கெடந்துச்சாம். வண்டி பாலம் தாண்டிடுச்சுன்னு சமையலறை ஃபோனுக்குத் தகவல் வந்தா, கீழேர்ந்து ஒருத்தி வந்து உங்கம்மா பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வைப்பா. அப்புறம்தான் விசிறி மேல போகும். அதுக்குத்தான் செங்கடல் வரைக்கும் அந்த மனுஷன இழுத்தோம். நான் ஒரு பொய்யும் சொல்லல, வேணும்னா ஆரம்பத்துலேர்ந்து யோசிச்சுப் பாரு.

வாசல்லயே சொல்லிடு லுவீனியா, நாலு பேர் முன்னாடி அவனுக்கு அவமானம் வேணாம்னு உங்கம்மா சொல்லித்தான் சொல்றேன். பக்கத்துல ஒரு இடம் விட்டு வச்சிருக்காங்க. தெரியுதா, பைபிள் வச்சிருக்காங்களே, அதுதான். அவன் வந்தா உக்காரட்டும்னாங்க. பின்னாடியே வீட்டுக்கும் வருவாங்களாம், பேசணுமாம். உங்கப்பாகிட்ட பேசாததெல்லாம் பேசணுமாம்.

முடிஞ்சிடுச்சு. ஆமென் சொல்லிட்டாரு. இனி நான் கதவத் திறக்கலாம், சட்டம் அதுதான்.

அழாத. அழு, பரவால்ல, அழு. இந்தா விசிறி. ஆனா முதல்ல அந்தக் கோட்டுக்குள்ள இருக்கறத எங்கிட்ட குடு. தொப்பி, குடை எல்லாம் இங்க நான்தானே வாங்கி வைக்கிறேன். அதையும் வாங்கி வச்சிக்கறேன். உங்கம்மா பக்கத்துல உக்காரப் போற, அதோட உக்காராத.

இதோ, கைய நீட்டியிருக்கேன். குடு லெம்மி.